'ரோக் லெகசி': அலுப்பு எங்கே, சுவை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் கணினி விளையாட்டுப் பட்டியலில் 'ரோக் லெகசி' அழகாக இருந்தாலும் செய்ததையே திரும்பச் செய்யவைக்கிறது என்று இரண்டே வரியில் முடித்திருந்தீர்கள். பொய்யில்லை. கனடாவின் செல்லார் டோர் கேம்ஸ் என்ற சிறு நிறுவனம் 2013 ஜூனில் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் பகுதிகள் நான்கே. போகப் போகப் பழைய எதிரிகளே நிறம் மாறி, உருவம் பெருத்து வருகிறார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்தில் மூடிவைப்பவருக்கும் விடிய விடிய ஆடுபவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒன்றுதான்: தங்கத்தை எதில் போடுகிறார்கள் என்பது. அந்த விவரம் பட்டியலில் இல்லை.

கோட்டைக்குள் போன வீரர் செத்தால், மூன்று வாரிசுகளில் ஒருவரைத் தேர்ந்து மறுபடி நுழைய வேண்டும். அறைகள் வேறு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். சேர்த்த தங்கம் வாரிசுக்கு வரும், அதைக் கொண்டு குடும்ப மாளிகையில் மேம்பாடுகள் வாங்கலாம்; ஆனால் கோட்டை வாசலில் நிற்கும் கேரோன் மிச்சம் மீதியை முழுக்க வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார். பெரிய மேம்பாட்டுக்காகச் சேர்த்துவைக்கலாம் என்று நினைப்பவர் ஏமாறுவது இங்கேதான். இந்த ஆட்டத்தில் உண்டியல் கிடையாது. (பின்னால் கிடைக்கும் பேரத் திறன் அவர் பறிப்பதைக் குறைக்குமே தவிர நிறுத்தாது.) போதாக்குறைக்கு, மாளிகையில் ஒன்றை வாங்கினால் மற்ற எல்லாவற்றின் விலையும் ஏறும். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால், சீக்கிரமே ஒரு முழுச் சுற்றின் தங்கம் ஒரு மேம்பாட்டுக்குக்கூடப் போதாது. அலுப்பு அங்கேதான் தொடங்குகிறது.

எனவே முதலில் கவசம், ஆயுதம் விற்கும் கொல்லர், ரூன் எனும் மந்திர எழுத்துகளை விற்கும் மந்திரக்காரி இருவரையும் மாளிகையில் திறந்துவிட வேண்டும். அடுத்தது உயிர்ப்புள்ளி. பிறகு சுரங்கத் தொழிலாளி என்ற வீரர் வகை: அடி வாங்கினால் தாங்காது, ஆனால் தங்கம் 30 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கும். அந்த வாரிசைப் பெட்டி திறக்க மட்டும் அனுப்புங்கள், பெரிய எதிரிகளிடம் வேண்டாம். மந்திரக்காரியின் ரூன்களில் எதிரியைக் கொல்லும்போது உயிர் கூட்டும் 'வேம்பயர்', காற்றில் இன்னொரு முறை குதிக்கவைக்கும் 'வால்ட்' இரண்டும் முக்கியம். வாள் முதல் மேலங்கி வரை ஐந்து இடங்களில் ரூன் பதிக்கலாம். ஒரே ரூனைப் பல இடங்களில் பதித்தால் பலன் கூடிக்கொண்டே போகும்.

கோட்டைக்கு வலப்புறம் காடு, மேலே மாயா கோபுரம், கீழே இருள் நிலம். அறைகள் மாறினாலும் இந்தத் திசைகள் மாறா. கடினம் கூடுவதும் இதே வரிசையில்தான். கீழே விழுந்து இருள் நிலத்தில் மாட்டிக்கொண்டு, ஆட்டமே அநியாயம் என்று சொல்பவர்கள் நிறைய. ஒரு பகுதியின் தலைவனான பெரிய எதிரியின் கதவைக் கண்டுபிடித்துவிட்டுச் செத்தால், அடுத்த முறை கட்டடக் கலைஞரிடம் சொல்லி, அறைகள் மாறாமல் அதே கோட்டையைப் பூட்டிவைக்கலாம். கூலியாக அந்தச் சுற்றின் தங்கத்தில் 40 சதவீதம் போய்விடும். ஆகவே வழி தெரிந்த சண்டைக்கு மட்டும் பூட்டுங்கள். தங்கம் சேர்க்கும் சுற்றில் பூட்டுவது வீண். ஒருமுறை வீழ்த்திய பெரிய எதிரி திரும்ப வருவதில்லை.

சுவை வாரிசுகளின் குணங்களில் இருக்கிறது. நிறக்குருடருக்குத் திரை முழுக்கக் கறுப்பு வெள்ளை. தலைசுற்றல் உள்ளவருக்கு உலகமே தலைகீழ். குள்ளர் மற்றவர் நுழைய முடியாத சந்தில் நுழைந்து பெட்டியை எடுப்பார். கால் ரத்தக்குழாய் நோய் உள்ளவரை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள்: பாதத்தில் நாடித்துடிப்பு இல்லாததால் தரையில் மறைந்திருக்கும் முட்கள் அவருக்கு எழும்புவதே இல்லை! வேறு சில குணங்களில் நோயை வெறும் கேலியாக்கியிருப்பது உறுத்துகிறது. அதை நியாயப்படுத்த மனம் வரவில்லை.

அறைகளை ஆட்களே வரைந்திருக்கிறார்கள். கணினி அவற்றைக் கலைத்து அடுக்குகிறது, அவ்வளவே. அதனால் ஒரே அறை திரும்பத் திரும்ப வரும். ஆனால் கதவு திறந்ததுமே மூலையில் எந்தச் சிலை சுடும், எந்த மேடையைக் கீழ்நோக்கி வெட்டித் தாண்ட வேண்டும் என்று கைக்குத் தெரிந்திருக்கும். முன்பு உயிர் பறித்த அறையை அடிபடாமல் கடக்கும்போது, வாங்கிய கவசம் பாதி, பழகிய கை பாதி என்று ஆகிவிடுகிறது. எண்களை மட்டும் ஏற்றிக் காட்டும் மற்ற ஆட்டங்களில் இது கிடைப்பதில்லை.

இன்னொரு தகவல். 2024இல் நிறுவனம் இந்த ஆட்டத்தின் மூல நிரலை (ஆட்டத்தை இயக்கும் கட்டளைகளை) வணிகம் சாராத பயன்பாட்டுக்கு இணையத்தில் வெளியிட்டுவிட்டது. சி ஷார்ப் என்ற நிரல் மொழியில் எழுதியது. கேரோனின் கணக்கையும் அறைகளை அடுக்கும் விதத்தையும் மாணவர்கள் நேரே வாசித்துப் பார்க்கலாம். உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் அதைப் பற்றி எழுதினால் அவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை