கல்லூராவில் மூன்று இரவுகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்தாவது திருமண நாளுக்கு மிலானிலிருந்து இத்தாலியின் சார்டினியாத் தீவுக்குப் போய், கோஸ்டா ஸ்மெரால்டாவில், கடலை ஒட்டித் தனித்தனிக் கல்வீடுகளாக இருக்கும் அந்தப் பித்ரிட்சா விடுதியில் மூன்று இரவு தங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். விலையைப் பார்த்த மாப்பிள்ளை இரண்டு நாள் சரியாகப் பேசவில்லையாம். "மாமா, நீங்கள் அந்தப் பக்கம் போய் வந்தவர். அந்த விலைக்கு அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?" என்ற உன் கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். நீண்டுவிட்டது. நீ சம்மதித்ததால் எல்லோரும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்த விடுதியில் தங்கியவன் அல்லன். பொதுப்பணித் துறை ஓய்வூதியக்காரன் அந்தக் கடற்கரையில் ஒரு காபி குடிப்பதற்கே இரண்டு முறை யோசிக்க வேண்டும். கடலிலிருந்து உள்ளே தள்ளி, அர்த்சகேனா என்ற ஊரில், ஒரு பாட்டியம்மாள் வீட்டு மாடியறையில் ஒரு வாரம் இருந்தேன். கட்டடங்களைப் பார்க்கத்தான் போனேன். கல்லில் கட்டிய எதையும் நின்று பார்க்காமல் கடந்து போக என்னால் முடியாது. தாராசுரத்தில் உன்னை உச்சி வெயிலில் நிற்க வைத்ததை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்று உன் அம்மா சொல்கிறாள்.

அந்த வட்டாரத்தின் பெயர் கல்லூரா. கேட்டதும் உனக்கு வரப்போகும் சிரிப்பு எனக்கும் வந்தது. நம் சொல்லாராய்ச்சி அன்பர்கள் காதில் விழுந்தால் சார்டினியாவையும் நம் கணக்கில் எழுதிவிடுவார்கள் என்பதால் மெதுவாகச் சொல்கிறேன்: தமிழுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் அப்படியொரு பொருத்தம். எங்கே திரும்பினாலும் கல். நம் ஊர்க் கருங்கல்லின் இனம்தான், நிறம் மட்டும் வேறு. சாம்பலும் இளஞ்சிவப்பும் கலந்தது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழமை. உப்பும் ஈரமும் காற்றும் அரித்து அரித்து, ஆள் உள்ளே போய் உட்காரலாம் போன்ற குடைவுகளைப் பாறைகளில் உண்டாக்கியிருக்கின்றன. பக்கத்திலுள்ள பலாவ் ஊரில் ஒரு பாறை அச்சாகக் கரடியைப் போல நிற்கிறது.

கோஸ்டா ஸ்மெரால்டா, அதாவது மரகதக் கரை என்பது 1960களில் சூட்டிய பெயர். அதற்கு முன் அந்த இடம் மோந்தி தி மோலா. மோலா என்றால் திரிகைக்கல். திரிகைக்கல் மலை என்று அழைக்கப்பட்ட இடத்தில் ஒரு இரவுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ யார் கொடுப்பார்கள்? பெயரை மாற்றியவர்கள் விவரமானவர்கள்.

இந்த மண்ணின் கதையை எனக்குச் சொன்னது அந்தப் பாட்டியம்மாள்தான். அவருடைய பேத்திக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். மீதியைக் கையும் கண்ணும் பார்த்துக்கொண்டன. கல்லூராவில் ஆடு மாடு மேய்த்தவர்கள் தனித்தனிக் கல்வீடுகளில், ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காத தூரத்தில், சிதறி வாழ்ந்தார்கள். அந்த வீட்டையும் சுற்றியுள்ள நிலத்தையும் சேர்த்து ஸ்தாத்ஸு என்பார்கள். தகப்பன் சொத்தைப் பிரிக்கும்போது புல் முளைக்கும் உள்நிலம் ஆண் பிள்ளைகளுக்கு. கடலோரத்துப் பாறையும் புதரும் பெண் பிள்ளைகளுக்கு. கடலோரம் என்றால் அன்றைக்குக் காற்று, உப்பு, காய்ச்சல். மாடு மேயாத நிலம் யாருக்கு வேண்டும்?

பாப்பா, இதைக் கேட்டபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை. உன் தாத்தா வாய்க்காலை ஒட்டிய நஞ்சையை எனக்கு எழுதிவைத்தார். உன் அம்மாவுக்குத் தெற்கே இருந்த களர். அந்தக் களரில் இன்றுவரை எந்த இளவரசரும் வந்து இறங்கவில்லை.

அங்கே இறங்கினார். ஆனால் அவருக்கு முன் இறங்க வேண்டியது ஒன்று இருந்தது. சார்டினியா காலங்காலமாக மலேரியா பிடித்த தீவு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் 1946 முதல் 1950 வரை ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு தீவு முழுவதும் வீடு வீடாக, குட்டை குட்டையாக டிடிடி பூச்சிமருந்து தெளித்தார்கள். கொசுவை அடியோடு ஒழிப்பதுதான் திட்டம். கொசு ஒழியவில்லை; மலேரியா ஒழிந்தது. திட்டம் தோற்று நோக்கம் ஜெயித்த வேலைகளை என் பணிக்காலத்தில் நானும் சில பார்த்திருக்கிறேன். அந்தத் தெளிப்பு நடந்திராவிட்டால் நீ இன்று பார்த்துக்கொண்டிருக்கும் அந்தப் படங்களும் இருந்திருக்காது.

பிறகு 1962 மார்ச் 14 அன்று, இஸ்மாயிலி முஸ்லிம்களின் இமாமான நான்காம் ஆகா கான் தன் கூட்டாளிகளோடு கோஸ்டா ஸ்மெரால்டா கூட்டமைப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 25. (செய்தியைப் படித்திருப்பாய், 2025 பிப்ரவரியில் லிஸ்பனில் காலமானார்.) துண்டு துண்டாகக் கிடந்த கடலோர நிலத்தை வாங்கிச் சேர்த்தார்கள். பாட்டியம்மாளின் தாயாரும் தன் பங்கை விற்றவராம். ஒன்றுக்கும் உதவாத பாறையைக் காசு கொடுத்து வாங்குகிறானே இந்தப் பிள்ளை என்று அவர்கள் வீட்டில் பரிதாபப்பட்டார்களாம். சொல்லிவிட்டுப் பாட்டியம்மாள் சிரித்தார். அது என்ன வகைச் சிரிப்பு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். விலைக்கு அங்கே என்ன இருக்கிறது என்றால், பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாமைக்குத்தான் விலை.

ஒரு காலையில் சிறிய படகு ஒன்றில் ஐந்தாறு பேரோடு லிஷா தி வாக்கா விரிகுடாப் பக்கம் போனேன். படகுக்காரர் வேகத்தைக் குறைத்து, "பித்ரிட்சா" என்று கையை நீட்டினார். பாறை தெரிந்தது, பச்சைப் புதர் தெரிந்தது, ஒரு பிறை அளவு வெள்ளை மணல் தெரிந்தது. எங்கே என்றேன். அதோ என்றார். மூன்றாவது முறை பார்த்தபோதுதான் பாறைகளில் சில சுவர் என்று புரிந்தது. அந்த மண்ணின் கல்லையே அடுக்கி, தாழ்வாக எழுப்பி, கூரைமேல் செடியும் புல்லும் வளரவிட்டிருக்கிறார்கள். நீச்சல் குளத்தையும் கடற்பாறைக்குள்ளேயே அமைத்துக் கடல் நீரை விட்டிருக்கிறார்கள். குளம் எங்கே முடிகிறது, கடல் எங்கே தொடங்குகிறது என்று படகிலிருந்து எனக்குத் தெரியவில்லை. முப்பத்து மூன்று ஆண்டு கட்டடம் கட்டியவனின் கண்ணை ஏமாற்றிய அந்த லூயிஜி வியெத்திக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அவர்தான் அதன் கட்டடக் கலைஞர்.

இது தனி ஒருவரின் சாமர்த்தியம் மட்டும் இல்லை. கூட்டமைப்பு தொடக்கத்திலேயே ஒரு கட்டடக் கலைக் குழுவை வைத்தது. வியெத்தி, ஜாக் குயெல், மிக்கேலே புசிரி விச்சி எல்லாம் அதில் இருந்தார்கள். உயரம், நிறம், கூரை, நடும் செடி என்று எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. மின்கம்பிகள் தரைக்கு அடியில். அந்த மண்ணில் தானாக வளரும் மிர்ட்டிலும் ஜூனிப்பரும்தான் தோட்டம். குயெல் கட்டிய காலா தி வோல்பே விடுதி ஒரு பழைய மீனவக் கிராமம் போல நடிக்கிறது. எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சுவரைக் கோணலாகப் பூசுவதற்குக் கொத்தனாருக்கு அதிகக் கூலி கொடுக்க வேண்டும் என்பதுதான் முதலில் தோன்றியது. அந்தக் கரையின் முக்கிய ஊரான போர்த்தோ செர்வோவில் புசிரி விச்சி கட்டிய ஸ்தெல்லா மாரிஸ் தேவாலயம் வேறு ரகம். வெள்ளை வெளேரென்று, சுவரும் கூரையும் எங்கே சந்திக்கின்றன என்று தெரியாத வளைவு. உள்ளே எல் கிரேக்கோ வரைந்ததாகக் கருதப்படும் துயர மாதா ஓவியம் ஒன்று இருக்கிறது. அனுமதி இலவசம். மாப்பிள்ளையிடம் இதை முதலில் சொல்.

அந்த விடுதிகள் கை மாறி மாறி வந்திருக்கின்றன. 2012இல் கத்தார் நாட்டு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. பாறைக்கு அதெல்லாம் தெரியாது. ஆனால் இன்னொன்று விலையைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். 2004இல் ரெனாத்தோ சோரு தலைமையிலான சார்டினிய அரசு கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை போட்டது. 2006இல் நிலக்காட்சித் திட்டம் என்று அதையே விரிவாகச் சட்டமாக்கியது. அதே சோரு வெளியூர்க்காரர்களின் படகுக்கும் இரண்டாம் வீட்டுக்கும் போட்ட ஆடம்பர வரியை நீதிமன்றங்கள் சாய்த்துவிட்டன, அது வேறு விஷயம். தண்ணீருக்கு இவ்வளவு அருகில் இனி ஒருவர் புதிதாகக் கட்டுவது லேசில் நடக்காது. மத்தியதரைக் கடலில் ஓதம் ஏறி இறங்குவதும் மிகக் குறைவு, பல இடங்களில் ஒரு முழம்கூட வராது. அதனால்தான் அப்படி வாசற்படிக்குக் கீழேயே கடலை வைத்துக் கட்ட முடிந்தது. நம் கடற்கரையில் முயன்றால் முதல் ஐப்பசியே பாடம் சொல்லும்.

'தனியார் கடற்கரை' என்று விளம்பரத்தில் இருக்கும். நம்பாதே. இத்தாலியில் கடற்கரை அரசின் பொதுச் சொத்து. நாற்காலியும் குடையும் போட உரிமம் கொடுப்பார்கள், மணலை விற்பதில்லை. உரிமம் பெற்றவர் அலை தொடும் விளிம்புக்கு யாரையும் காசு வாங்காமல் போகவிட வேண்டும் என்று 2006இல் சட்டமே இருக்கிறது. ஒரு விரிகுடாவில், எது என்று சொல்லப்போவதில்லை, வெள்ளைச் சட்டைக் காவலாளி ஒருவர் என்னைத் தடுத்தார். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கால் நனையும் இடத்துக்கு இறங்கி, அவரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு அப்படியே நடந்தேன். அவரும் வணக்கம் சொன்னார். பாட்டியம்மாள் காலையில்தான் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஆக, மற்றவர்கள் வராததற்கு மதில் காரணம் இல்லை. பாதை தெரியாது, நிழல் கிடையாது, வண்டி நிறுத்த இடமில்லை. அவ்வளவுதான். கூட்டம் வேண்டாம் என்பதற்காக மட்டும் நீங்கள் பணம் கொடுப்பதாக இருந்தால், செப்டம்பர் கடைசியில் போனால் போதும். கடல் நீர் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும், மக்கள் இருக்கமாட்டார்கள். ஆகஸ்டில் போகாதே. இத்தாலி முழுவதும் அந்த மாதம் கடலோரத்தில்தான் இருக்கிறது. மிலானில் இருக்கும் உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

மணலில் பழுப்பு நிறத்தில் சருகு குவிந்திருந்தால் முகம் சுளிக்காதே. அது குப்பை இல்லை. பொசிதோனியா என்ற கடற்புல். பாசி அல்ல, வேரும் பூவும் உள்ள செடி. அங்கே வளரும் இனம் மத்தியதரைக் கடலில் மட்டும்தான் இருக்கிறது. குளிர்காலப் புயலில் அந்தச் சருகு மெத்தைதான் அலையின் அடியை வாங்கிக்கொண்டு மணலைக் காக்கிறது. விருந்தினர் புகார் சொல்கிறார்கள் என்று பொக்லைன் வைத்து வாரும் கடற்கரைகளில் சருகோடு மணலும் போய்விடுகிறது. அதன் நார்கள் அலையில் உருண்டு, கம்பளி உருண்டைகள் போல ஒதுங்கும். ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார், வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் மணலைத் தொட்டால் தொட்டதோடு சரி. எடுத்துப் போகக் கூடாது. 2017 முதல் மணல், கூழாங்கல், சிப்பி எதை எடுத்தாலும் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். ஊருக்கு வந்து என் செருப்பை உதறியபோது நாலைந்து பளிங்குத் துகள்கள் விழுந்தன. துளசி மாடத்தில் போட்டுவைத்திருக்கிறேன்.

என் முடிவு இது. மூன்று இரவு அங்கே வேண்டாம். ஒரு இரவு போதும். மறைந்து கிடப்பதன் சுகம் ஒரு இரவில் தெரிந்துவிடும், மூன்றாம் நாள் உங்களுக்கே போரடிக்கும். மற்ற இரண்டு இரவுகள் உள்ளே வந்து, விருந்தினருக்குத் திறந்துவிட்டிருக்கும் ஒரு பழைய ஸ்தாத்ஸுவில் தங்குங்கள். அதுவும் கல்வீடு, அதிலும் தனிமை. வியெத்தி பாடம் படித்த மூலமும் அதுதான். காய்ந்த ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் அடுக்கி, சாறு ஊற்றி அடுப்பில் வேகவைத்துத் தரும் சுப்பா குவாத்தாவைச் சாப்பிடுங்கள்; பெயர்தான் சூப், கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சாறு பெரும்பாலும் இறைச்சியில் வைப்பது, மாப்பிள்ளைக்காகக் கேட்டுக்கொள். அர்த்சகேனாவுக்கு வெளியே கோத்து வெக்கியூ என்ற வெண்கலக் காலத்துக் கல்லறை இருக்கிறது. நடுவில் நான்கு மீட்டர் உயர நடுகல். எந்த இயந்திரமும் இல்லாத காலத்தில் அதை நிறுத்தியிருக்கிறார்கள். நான் அங்கே இரண்டு மணி நேரம் நின்றேன். மாப்பிள்ளையையும் நிற்க வை.

அந்த ஒரு இரவுக்கான பணத்தை நேற்று உன் கணக்கில் போட்டுவிட்டேன். பரிசு என்று நினைத்துக்கொள்ளாதே, திருப்பி அனுப்பவும் செய்யாதே. சென்ற வருட நஞ்சைக் குத்தகையில் வந்தது. எதற்கு என்று உன் அம்மாவைக் கேள், அவள் சொல்லுவாள்.

அன்புடன்,
மாமா