அண்ணா, அந்த ஐந்தாம் படத்தை இன்னொரு முறை பாருங்கள்

அன்புள்ள அண்ணா,

நேற்று ராத்திரி போனில் பேச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. ஹெல்ரெய்சர் திகில் படத்தொடரின் ஐந்தாம் படமான ‘இன்ஃபெர்னோ’வைப் பற்றி நீங்கள் “அதெல்லாம் ஹெல்ரெய்சரே இல்லை” என்று சொன்னதும் என் குரல் உயர்ந்துவிட்டது. அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் சொன்ன கருத்தை விட மனசில்லை. முதல் ஹெல்ரெய்சரை எனக்குப் போட்டுக் காட்டியவரே நீங்கள்தான். அதனால் உங்களிடமே இதை நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன். படத்தின் முடிவையும் சொல்லிவிடுவேன். நீங்கள் பாதியில் எழுந்துவிட்டதால் வேறு வழியில்லை.

உங்கள் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. இந்தப் படம் பிடிக்காதவர்கள் பெரும்பாலும் நீங்கள் சொல்வதையேதான் சொல்கிறார்கள். தலையெல்லாம் ஆணி அடித்த பின்ஹெட் சில நிமிடங்கள்தான் வருகிறார். யாரோ எழுதிவைத்த போலீஸ் கதையில், நரகத்தைத் திறக்கும் அந்தப் புதிர்ப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்ததுபோல இருக்கிறது. நாயகன் என்று நம்பி உட்கார ஒரு ஆள் இல்லை. அதற்கு முந்தைய நான்காம் படத்தில், 1996-ல், டைரக்டரே தன் பெயரை எடுத்துவிட்டார். ஐந்தாவது 2000-ல் தியேட்டருக்கே வராமல் நேராக வீடியோவில் வந்தது. யாரும் நம்பிக்கையோடு பார்க்க உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

முதலில் பின்ஹெட் விஷயம். 1987-ல் கிளைவ் பார்க்கர் எடுத்த முதல் படத்தில் அவர் எவ்வளவு நேரம் வருகிறார் என்று யோசித்துப் பாருங்கள். அதிலும் சில நிமிடங்கள்தான். டைட்டிலில் அவருக்குப் பெயர்கூடக் கிடையாது, ‘தலைமை செனோபைட்’ என்றுதான் போட்டிருப்பார்கள். (பெட்டியைத் திறந்தவரைத் தேடி வருகிற உருவங்கள்தான் செனோபைட்கள்.) அந்தப் படத்தைத் தாங்கியது ஃபிராங்க் என்ற மனிதனின் பசியும் அவனுக்காகக் கொலைவரை போன ஜூலியாவும். பின்ஹெட்டாக நடித்த டக் பிராட்லியின் முகம் போஸ்டரில் இருந்ததால், படம் முழுக்க அவர் இருந்ததாக நம் நினைவு சொல்கிறது. அப்புறம் வந்த படங்கள் அந்த நினைவுக்குத் தீனி போட்டன. இன்ஃபெர்னோ மறுபடி மனிதனிடம் திரும்பிய படம். அதை அந்நியம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த மனிதனைப் பற்றித்தான் அதிகம் பேச ஆசை. ஜோசஃப் தார்ன், டென்வர் போலீஸில் துப்பறிபவன். கிரெய்க் ஷெஃபர் நடித்திருக்கிறார். புத்திசாலி, புதிர்களை அவிழ்ப்பதில் மோகம் உள்ளவன், செஸ் ஆடுபவன். ஒரு கொலை நடந்த இடத்துக்குப் போகிறான். செத்தவன் கூடப் படித்தவன். அங்கேயே பணத்தைச் சுருட்டிக்கொள்கிறான், பெட்டியையும் எடுத்துக்கொள்கிறான். வீட்டில் மனைவியும் மகளும் காத்திருக்க, அன்று இரவை ஒரு மோட்டலில் பாலியல் தொழிலாளியான டாஃப்னியோடு கழிக்கிறான். குளியலறையில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கிறான். மறுநாள் அந்தப் பெண் கொலையாகிறாள். தான் மாட்டக்கூடாது என்பதற்காகக் கூட வேலைபார்க்கும் டோனியையே சிக்கவைக்கும்படி தடயத்தை வைக்கிறான்.

இந்தக் காட்சிகளில் படம் எங்கேயும் அவனைத் திட்டவில்லை. கதையை அவனே தன் குரலில் சொல்கிறான். அந்தக் குரலில் ஒரு தெளிவு இருக்கிறது, தன்னை அறிந்தவன் பேசுவதுபோல ஒரு தோற்றம் இருக்கிறது. குடும்பத்தை நேசிப்பதாகச் சொல்கிறான். சொல்லும்போது அதை நம்பவும் செய்கிறான் என்றே எனக்குப் படுகிறது. ஊழல் செய்கிற போலீஸைப் படங்களில் நிறையப் பார்த்திருக்கிறோம், ஒன்று முழு வில்லன், இல்லையென்றால் கடைசி ரீலில் திருந்துபவன். தார்ன் இரண்டுமே இல்லை. ஒவ்வொரு தப்புக்கும் பக்கத்திலேயே ஒரு சமாதானம் வைத்துக்கொண்டு வாழ்கிற சாதாரண ஆள். ‘பிடித்துப்போக ஒரு பாத்திரம்கூட இல்லை’ என்ற குறை எனக்கு இங்கேதான் நிற்காமல் போகிறது. அவனைப் பிடிக்காவிட்டாலும் அந்தச் சமாதானங்கள் எனக்குப் பழக்கமானவையாக இருந்தன. முதல் தடவை பார்த்தபோது அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கொலை நடந்த இடங்களில் ஒரு குழந்தையின் விரல் கிடைக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? அடுத்தடுத்த கொலைகளிலும் அப்படியே. ‘எஞ்சினியர்’ என்ற ஒருவன் பின்னணியில் இருப்பதாகத் தெரிய, குழந்தையை உயிரோடு மீட்க வேண்டும் என்று தார்ன் ஓடுகிறான். நமக்கும் அவனிடம் மதிப்பு வருகிற ஒரே இடம் அது. நீங்கள் அதற்குப் பிறகுதான் எழுந்து போனீர்கள்.

முடிவு இதுதான். பெட்டி திறந்த இரவிலிருந்து அவன் நரகத்தில்தான் இருக்கிறான். ஜேம்ஸ் ரீமார் நடித்த மனநல மருத்துவர் பின்ஹெட்டாக மாறி நிற்கிறார். விரல் விரலாக வெட்டப்படுகிற அந்தக் குழந்தை தார்னுக்குள் இருந்த கள்ளமில்லாத பகுதி. வெட்டிக்கொண்டிருந்தது அவன் வாழ்ந்த வாழ்க்கையேதான். சங்கிலிகள் வந்து அவனைக் கிழிக்கின்றன. உடனே அதே மோட்டல் குளியலறையில் விழிக்கிறான். தாங்க முடியாமல் தன்னையே சுட்டுக்கொள்கிறான். மறுபடியும் அதே குளியலறை.

இதை 1987-ல் வந்த ‘ஏஞ்சல் ஹார்ட்’டின் நகல் என்று சொல்பவர்கள் உண்டு. அதிலும் துப்பறிபவன் தேடிப்போகும் ஆள் அவனேதான். சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே நாயகனுக்குத் தன் கடந்த காலம் மறந்துபோயிருக்கும். தார்னுக்கு எதுவும் மறக்கவில்லை. செய்த எல்லாம் தெரியும், அது கணக்கில் வரும் என்று மட்டும் அவன் நினைக்கவில்லை. எனக்கு இந்த வித்தியாசம் பெரியது.

இது ஹெல்ரெய்சரே இல்லை என்பதற்கு இன்னொரு பதிலும் உண்டு. 1988-ல் வந்த இரண்டாம் படத்தில், மருத்துவர் ஒருவர் பேசாத ஒரு சிறுமியின் கையால் பெட்டியைத் திறக்கவைப்பார். செனோபைட்கள் அவளைத் தொடமாட்டார்கள். திறந்த கை அவர்களுக்கு முக்கியமில்லை, அதன் பின்னால் இருந்த ஆசைதான் கணக்கு. நீங்கள்தான் எனக்கு அந்தக் காட்சியை விளக்கிச் சொன்னீர்கள். தார்ன் அந்த விதிக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறான். எதையும் விலை கொடுக்காமல் எடுத்துக்கொண்டு பழகியவன், அவிழ்க்க ஒரு புதிர் கிடைத்தால் விடமாட்டாதவன். பெட்டிக்கு அவனைவிடப் பொருத்தமான கை எது?

சரி, இப்போது நீங்கள் சொல்லாத ஒரு குறையை நானே சொல்கிறேன். பின்ஹெட் எத்தனை நிமிடம் வருகிறார் என்பதைவிட, வந்து என்ன செய்கிறார் என்பதுதான் எனக்குப் பிரச்சினை. முதல் படத்தில் செனோபைட்களுக்குப் பாவ புண்ணியம் கிடையாது. சிலருக்குப் பேய், சிலருக்கு தேவதை என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்கள். வேதனைக்கும் இன்பத்துக்கும் நடுவிலான கோட்டை அழித்தவர்கள், கேட்டவனுக்குக் கேட்டதைக் கொடுப்பவர்கள். அந்தக் குளிர்ச்சிதான் பயம். இன்ஃபெர்னோவில் அவர் நீதிபதியாகிவிட்டார். நீ இன்ன இன்ன தப்பு செய்தாய், அதற்கு இது தண்டனை என்று விளக்குகிறார். நாமே புரிந்துகொண்டு நடுங்கியிருக்க வேண்டிய விஷயத்தை அவர் வாயால் கேட்கும்போது அதன் கனம் குறைந்துபோகிறது. தொடரின் ஆதாரத்தை இந்தப் படம் மீறிய இடம் இது. டைரக்டர் ஸ்காட் டெரிக்சனுக்கு இதுதான் முதல் முழுநீளப் படம்; அந்த வசனங்களை விட்டுவிட்டு அவர் மௌனத்தை நம்பியிருக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் வருத்தப்படுகிறேன். பன்னிரண்டு வருடம் கழித்து ‘சினிஸ்டர்’ எடுத்தபோது இருட்டையும் சத்தத்தையும் எவ்வளவு நம்பினார் என்று பார்த்தோமே.

காட்டுக்குள் கௌபாய் தொப்பி வைத்தவர்கள் குங்ஃபூ போடுகிற காட்சிக்கு என்னிடம் பதில் இல்லை. கனவின் குழப்பம் என்று சிலர் காப்பாற்றப் பார்க்கிறார்கள். எனக்கு அது வெட்டியெறிய வேண்டிய காட்சி. ஆனால் இரண்டு பெண் செனோபைட்கள் அவன் தோலுக்கு அடியில் கைவிட்டுத் தடவும் அந்த ஒரு காட்சிக்காகவே பத்து கௌபாய்களைப் பொறுத்துக்கொள்வேன்.

2002-ல் வந்த ஆறாம் படம் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டது. குழம்பித் திரிகிற ஒருவன், கடைசியில் குற்றவாளி அவனேதான். இரண்டாவது முறை அந்தத் திருப்பம் எனக்கு வேலை செய்யவில்லை. அந்தச் சலிப்பையும் சேர்த்து ஐந்தாம் படத்தின் தலையில் கட்டுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நீங்கள் இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவர்.

ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் முதலிலிருந்து போட்டுப் பாருங்கள். பின்ஹெட்டுக்காகக் காத்திருக்காதீர்கள். முகம் தெரியாத அந்தக் குழந்தைக்காகத் தார்ன் எத்தனை முறை பதறுகிறான், வீட்டில் இருக்கும் சொந்த மகளோடு எத்தனை நிமிடம் உட்கார்கிறான் என்பதை மட்டும் கவனியுங்கள். பார்த்து முடித்ததும் எத்தனை மணியானாலும் கூப்பிடுங்கள். இந்த முறை குரலை உயர்த்தமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் தம்பி