குறும்பகரத்துக் குளவி

லண்டன்,
சனி இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்கால் வலி குறைந்ததா? தைலம் தீர்ந்திருந்தால் தம்பியை வாங்கிவரச் சொல்லுங்கள்.

"பூச்சியைப் படம் பிடிக்கவா லண்டன் போன?" என்று கேட்டீர்களே, அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூச்சி மட்டும் 3 கோடிக்கு மேல். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஓர் ஊசியில். அதே ஊசியில், உடலுக்குக் கீழே, நகம் அளவுச் சீட்டுகள்: எந்த ஊர், எந்த நாள், யார் பிடித்தது. சீட்டுப் போனால் பூச்சி வெறும் கூடு. இடுக்கியால் சீட்டுகளைக் கழற்றி, பக்கத்தில் பரப்பி, எண் கொடுத்து, படம் எடுத்து, அதே வரிசையில் திரும்பக் கோப்பதுதான் என் வேலை. முதல் வாரமே ஒரு பட்டாம்பூச்சியின் மீசையை ஒடித்துவிட்டேன். அன்று சோறு இறங்கவில்லை.

அப்புறம், சீட்டில் உள்ள ஊர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. பழைய கையெழுத்து, காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். போன வாரம் ஒரு குளவிக்கு அடியில் "காரிக்கால், குறும்பகரம், பி. எஸ். நாதன்" என்று இருந்தது. நம்ம குறும்பகரம் அப்பா! காரைக்காலைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். பக்கத்து மேசைப் பெண் "காரிக்கால்" என்று தேடிச் சலித்து ஒதுக்கி வைத்திருந்தாள். நான் வாங்கி, நெடுங்காட்டுக்குப் பக்கத்தில் வரைபடத்தில் புள்ளி வைத்தேன். கை நடுங்கியது.

சூசை நாதன் என்று பெயராம். நம் பக்கத்துப் பூச்சிகளை வருடக்கணக்கில் பிடித்து இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா என்று அனுப்பியிருக்கிறார். பல பூச்சிகளுக்கு "நாதனி" என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

படமும் விவரமும் இணையத்தில் ஏறிவிட்டால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் பூச்சியியல் படிக்கிற பிள்ளை அதை வைத்தே குளவி இனங்களைப் பிரித்துப் பழகலாம். அன்று நம் வரப்பில் பறந்தது இன்றும் பறக்கிறதா என்று ஒப்பிடலாம். ஆனால் சில இனங்களுக்கு மயிரையும் கால் கணுவையும் பூதக்கண்ணாடியில் புரட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்குப் படம் போதாது. பூச்சி இவர்களிடம், படம் நமக்கு என்பது எனக்கு உறுத்தல்தான். சரி, இதுவரை படமும் இல்லையே.

குறும்பகரம் பக்கம் போனால் டீக்கடையில் பெரியவர்களிடம் விசாரியுங்கள், வலையோடு திரிந்த நாதனை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று. அம்மாவிடம், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
செல்வி