தள்ளுபடிக்குச் சம்மதிக்கும் முன்: திருப்பூர் ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

2025 செப்டம்பர் இறுதி

மதிப்பிற்குரிய ஏற்றுமதியாளர்களுக்கு,

வணக்கம். இந்தியச் சரக்கு மீதான கூடுதல் வரியை அமெரிக்கா 50 சதவிகிதமாக்கிய ஆகஸ்ட் 27க்குப் பிறகு, நம் ஆடைகளை வாங்கும் அமெரிக்க பையர்களிடமிருந்து வரும் மின்னஞ்சல்களில் ஒரு கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது: வரிச் சுமையை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்வோம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. வருடக்கணக்கான பழக்கம், அடுத்த சீசன் ஆர்டர், ஓடியாக வேண்டிய மெஷின்கள் எல்லாம் கண்முன் நிற்கும்போது "சரி" என்று பதில் போட்டுவிடத் தோன்றும். அந்தப் பதிலை அனுப்பும் முன், பீஸுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் காஸ்டிங் ஷீட்டோடு அரை மணி நேரம் உட்காருங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில் சட்டம். அமெரிக்கச் சுங்கத்தில் வரி கட்டுபவர் அங்கே இறக்குமதியாளராகப் பதிவானவர். சரக்கு வெளியே வந்த பத்து வேலை நாட்களுக்குள் அவர்தான் கணக்குத் தாக்கல் செய்து பணம் கட்டுகிறார். எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றிக் கொடுப்பதுவரையான விலை) விற்ற உங்கள் பொறுப்பு தூத்துக்குடியில் கன்டெய்னர் கப்பல் ஏறியதோடு முடிந்தது. "இந்தியா மீது 50 சதவிகித வரி" என்று செய்தியில் வாசிப்பது இந்தியா கட்டும் வரி அல்ல. அது உங்கள் கல்லாவுக்குள் நுழைய ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது. அது நீங்களாகக் கொடுக்கும் விலைக்குறைப்பு.

இப்போது கணக்கு. பருத்தி டி-ஷர்ட், சுங்க எண் 6109.10. பழைய வரி 16.5 சதவிகிதம். அதன்மேல் ஆகஸ்ட் 7இல் ஒரு 25, ஆகஸ்ட் 27இல் இன்னொரு 25. மொத்தம் 66.5. எஃப்.ஓ.பி. 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பழைய வரியில் பையருக்கு அடக்க விலை 4.66 டாலர் (கப்பல் கூலி, துறைமுகக் கட்டணங்களை விட்டுவிடுகிறோம்). புதிய வரியில் 6.66. ஏறியது 2 டாலர்.

பாதி என்றால் ஆளுக்கு ஒரு டாலர்தானே என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் வரி உங்கள் விலையின் மேல் விழுகிறது. விலையை இறக்கினால் வரியும் கூடவே இறங்கும். பையரின் அடக்கம் 2 டாலருக்குப் பதில் 1 டாலர் மட்டும் ஏற, அதாவது 5.66இல் நிற்க, நீங்கள் 3.40க்கு விற்றால் போதும். இறக்க வேண்டியது 60 சென்ட், 15 சதவிகிதம். இது தெரியாமல் ஒரு டாலரை இறக்கச் சம்மதித்தால், பீஸுக்கு 40 சென்ட் வீணாகக் கொடுத்ததாகும். ஒரு லட்சம் பீஸ் ஆர்டரில் அது 40,000 டாலர். முழுச் சுமையையும் நீங்களே ஏற்றால் 2.80க்கு விற்க வேண்டும். 30 சதவிகிதம் இறக்கி, நூல் வாங்கிச் சாயம் போட்டுத் தைத்துக் கொடுக்க யாராலும் முடியாது.

டாலருக்கு ரூ. 88 என்றால் அந்த 60 சென்ட் ரூ. 52.80. பீஸின் விலை ரூ. 352. லாபம் 7 சதவிகிதம் என்று தாராளமாகவே வைத்தாலும் 25 ரூபாய்க்கு மேல் இல்லை. மீதி 28 ரூபாய்க்கு எங்கே போவீர்கள்? ஏற்றுமதியாளருக்கு அரசு திருப்பித் தரும் டிராபேக், ஆர்.ஓ.எஸ்.சி.டி.எல். தொகைகள் இரண்டும் எஃப்.ஓ.பி. மதிப்பின் சதவிகிதமாக வருவதால் அவையும் சேர்ந்து குறையும். ஷிப்மென்ட் போன பிறகு கிரெடிட் நோட்டாக (இன்வாய்ஸ் தொகையைக் குறைத்து எழுதித் தரும் சீட்டு) தள்ளுபடி கொடுத்தால் இன்னும் சிக்கல். இன்வாய்ஸ் மதிப்பைக் குறைக்க வங்கியின் ஒப்புதல் வேண்டும், ஏற்கெனவே வாங்கிய ஊக்கத்தொகையில் அதற்குரிய பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். பல காஸ்டிங் ஷீட்டுகளில் இந்தச் செலவுக்கு இடமே இருப்பதில்லை.

இவ்வளவு கொடுத்தும் போட்டியில் சமமாகிறோமா என்றால், அதுவும் இல்லை. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் கூடுதல் வரி 20. அதே 4 டாலர் பீஸ் பங்களாதேஷிலிருந்து போனால் அடக்கம் 5.46. நீங்கள் 15 சதவிகிதம் இறக்கியும் 5.66இல் நிற்கிறீர்கள். சமமாக வேண்டுமென்றால் 18 சதவிகிதம் இறக்கி 3.28க்கு வர வேண்டும். 66.5 சதவிகித வரியைத் தள்ளுபடியால் வெல்ல முடியாது. நீங்கள் விட்டுக்கொடுக்கும் 60 சென்ட் பையரின் கையிலும் நிற்பதில்லை. பழைய கணக்கில் அமெரிக்க அரசுக்குப் போனது பீஸுக்கு 66 சென்ட். 3.40க்கு விற்றால் போவது 2.26 டாலர். கூடுதலாக அரசுக்குப் போகும் 1.60இல் ஒரு டாலர் பையருடையது, 60 சென்ட் திருப்பூருடையது.

வரியின் பாரம் யார் தலையில் விழுகிறது என்பது 2018ஆம் ஆண்டு வரிகளை வைத்து ஏற்கெனவே அளந்து பார்க்கப்பட்ட விஷயம். சீனப் பொருட்கள் மீது டிரம்ப் முதல்முறை வரி போட்டபோது மேரி அமிட்டி, ஸ்டீபன் ரெட்டிங், டேவிட் வைன்ஸ்டீன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் இறக்குமதி விலைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய முழு வரியும் அமெரிக்க இறக்குமதியாளர் மேலேயே விழுந்திருந்தது. சீன ஏற்றுமதியாளர்கள் விலையை இறக்கவில்லை. அதே வருடம் வாஷிங் மெஷின்களுக்கு வரி போட்டதும் அங்கே அவற்றின் விலை சுமார் 12 சதவிகிதம் ஏறியது. வரியே போடாத துணி உலர்த்தும் மெஷினின் விலையும் கூடவே ஏறியது, இரண்டையும் ஜோடியாக விற்பதால். ஆனால் இரும்பு, எஃகில் ஓராண்டுக்குப் பிறகு வெளிநாட்டு ஆலைகள் விலையை இறக்கிப் பாதியளவு சுமையைத் தாங்கின. மாற்று இடம் இல்லாதவர் தாங்குகிறார், இருப்பவர் நழுவுகிறார். உங்கள் பையருக்கு மாற்று இடம் இருக்கிறதா, இருந்தால் எத்தனை மாதத்தில் போக முடியும் என்பதுதான் பேரத்தில் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

புது ஃபேக்டரிக்குப் போக பையருக்கு சோஷியல் ஆடிட் (தொழிலாளர் நிலைமைச் சோதனை), லேப் டிப் (சாய நிற மாதிரி) ஒப்புதல், ஃபிட் சாம்பிள், சைஸ் செட், பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) எல்லாம் முதலிலிருந்து வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போக அவரால் முடியாது. குறைந்தது ஒரு சீசன் பிடிக்கும். உங்கள் பக்கம் உள்ள பலம் இது. ஆனால் துணி அவருடைய ஷேடில் சாயமாகி, அவருடைய பெயர் போட்ட லேபிளும் வந்து இறங்கிவிட்டால் பலம் கை மாறிவிடும். அந்தத் துணியை வேறு யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே விலை பேசுவது, எழுத்தில் வாங்குவது எல்லாம் நூல் நிட்டிங்குக்குப் போகும் முன், கடைசிபட்சம் கிரே துணி (சாயம் போடாத துணி) டையிங்குக்கு ஏறும் முன் முடிந்திருக்க வேண்டும். "சாம்பிள் ஓகே, விலை பிறகு பேசலாம்" என்று டையிங்குக்கு அனுப்புவது இன்றைய நிலையில் மிகப் பெரிய தவறு.

பேசும்போது ஒன்றை எடுத்துச் சொல்லுங்கள். அமெரிக்காவில் வரி எஃப்.ஓ.பி. மதிப்பின் மேல்தான், கடை விலையின் மேல் அல்ல. உங்கள் 4 டாலர் பீஸ் அங்கே 20 டாலருக்கு விற்றால், ஏறிய 2 டாலர் கடை விலையில் பத்தில் ஒரு பங்கு. அதில் கொஞ்சம் கடை தாங்கலாம், கொஞ்சம் வாங்குபவர் தரலாம். 7 சதவிகித லாபக்காரரிடம் வந்து பாதி கேட்பது அளவுக்கு மிஞ்சியது.

கொடுத்தே ஆக வேண்டிய இடம் உண்டு, மறுக்கவில்லை. கொடுத்தால் இப்படிக் கொடுங்கள்.

தள்ளுபடியை விலையில் கரைக்காதீர்கள். பி.ஓ.வில் (பையர் தரும் கொள்முதல் ஆணை) பழைய விலை பழைய விலையாகவே நிற்கட்டும். கீழே தனியாக "வரி உதவித் தள்ளுபடி" என்று போட்டு, இந்த பி.ஓ.வுக்கு மட்டும், இந்த வரி விகிதம் நீடிக்கும்வரை மட்டும் என்று எழுதுங்கள். விகிதம் 50இலிருந்து இறங்கினால் தள்ளுபடியும் அதே அளவில் தானாக இறங்க வேண்டும். இல்லையென்றால் வரி போன பிறகும் 3.40தான் உங்கள் விலை என்றாகிவிடும்.

அடுத்தது இதைவிட முக்கியம். இரண்டு 25 சதவிகிதங்களும் 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தைக் காட்டிப் போடப்பட்டவை. அந்தச் சட்டத்தைக் காட்டி உலக நாடுகள் மீது போட்ட வரிகளுக்கு அதில் அதிகாரம் இல்லை என்று ஆகஸ்ட் 29இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-4 என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நவம்பர் தொடக்கத்தில் வாதம் கேட்கப்போகிறது. வரி ரத்தாகிப் பணம் திரும்பக் கிடைத்தால் அது சுங்கத்தில் பதிவான இறக்குமதியாளருக்கே போகும். தள்ளுபடி கொடுத்த உங்களைச் சுங்கத்துக்குத் தெரியவே தெரியாது. அதனால் தள்ளுபடிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்: இந்தச் சரக்குக்குக் கட்டிய கூடுதல் வரி திரும்பக் கிடைத்தால், கொடுத்த தள்ளுபடி 30 நாட்களுக்குள் ஏற்றுமதியாளருக்குத் திருப்பித் தரப்படும். அமெரிக்கச் சுங்கம் ஒரு கணக்கை இறுதியாக முடிக்க வழக்கமாக 314 நாள் எடுத்துக்கொள்கிறது. இன்வாய்ஸ் எண், கன்டெய்னர் எண், தள்ளுபடித் தொகை மூன்றையும் ஒரே தாளில் அதுவரை பத்திரமாக வையுங்கள்.

டி.டி.பி.க்கு (வரியையும் விற்பவரே கட்டிச் சரக்கைக் கொடுக்கும் முறை) மாறச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வரி கட்டும் பொறுப்பு முழுதும் உங்கள் தலைக்கு வரும். கப்பல் கடலில் இருக்கும்போது விகிதம் ஏறினாலும் நஷ்டம் உங்களுடையதே. வரி கட்டுவதற்கு உத்தரவாதமாகத் தொடர் சுங்கப் பிணைப்பத்திரம் குறைந்தது 50,000 டாலருக்கு எடுக்க வேண்டும். வருடம் கட்டும் வரியில் 10 சதவிகிதம் அதைவிட அதிகமானால் அந்த அளவுக்கு.

பணம் கொடுக்காமல் காகிதம் கொடுத்து உதவும் ஒரு வழி இருக்கிறது, அது போதுமான அளவு பேசப்படுவதில்லை. நீங்கள் ஹாங்காங் இடைநிலை நிறுவனத்துக்கு 4 டாலருக்கு விற்று, அது அமெரிக்க பையருக்கு 5 டாலருக்கு விற்கிறது என்றால், வழக்கமாக வரி 5 டாலரின் மேல் விழும். "முதல் விற்பனை" விதிப்படி, நிபந்தனைகள் பொருந்தினால், 4 டாலரின் மேல் மட்டும் வரி கட்டலாம். மிச்சம் பீஸுக்கு 66.5 சென்ட். அவர் உங்களிடம் கேட்ட 60 சென்டைவிட அதிகம். இரண்டு விற்பனையும் மெய்யானதாக இருக்க வேண்டும், சரக்கு தொடக்கத்திலிருந்தே அமெரிக்காவுக்கென்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும், விலை உறவுமுறைச் சலுகை விலையாக இருக்கக் கூடாது. பி.ஓ., இன்வாய்ஸ், வங்கியில் பணம் வந்த சான்று ஆகியவற்றை நீங்கள் கொடுக்க வேண்டும். இடையில் உள்ளவருக்குத் தன் லாபம் வெளியே தெரிவது பிடிக்காது. அந்த வாக்குவாதத்தை அவர்களுக்குள் நடத்திக்கொள்ளட்டும்.

செய்யக் கூடாதது: இன்வாய்ஸை இரண்டாகப் பிளந்து பாதியை "டிசைன் சார்ஜ்" என்று தனியாக வாங்குவது, சரக்கை மூன்றாவது நாட்டுக்கு அனுப்பி லேபிள் மாற்றுவது. வெட்டித் தைக்கும் ஆடைக்குப் பிறப்பிடம் தைத்த நாடுதான், பேக்கிங் செய்த நாடு அல்ல. வழிமாற்றிய சரக்கு என்று பிடிபட்டால் 40 சதவிகிதக் கூடுதல் வரி, மேலே அபராதம்.

இனி, எங்களை எழுத வைத்த விஷயம். காஸ்டிங்கில் அந்த 28 ரூபாயை எங்கே வெட்டுவது என்று தேடினால் நூல் விலை அசையாது. மில்லுக்கு அமெரிக்கா ஒரு பொருட்டல்ல. சாயம், ரசாயனம், பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கட்டணம் அசையாது. ஜிப், லேபிள் எல்லாம் பையர் சொன்ன இடத்தில் வாங்குவது. அசைவது வெளியே கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க் கூலி மட்டுமே: தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பல ஸ்டைல்களில் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களில் தைக்கும் டெய்லர்களின் பீஸ் ரேட்டை முழுசாக எடுத்துவிட்டாலும் 28 ரூபாய் தேறாது. அப்படியும் வெட்டு அங்கேதான் விழுகிறது, ஏனென்றால் மறுத்துப் பேச முடியாதவர் அங்கேதான் இருக்கிறார். பையர் உங்களிடம் 15 சதவிகிதம் கேட்கிறார். நீங்கள் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள்காரரிடம் பீஸுக்கு ஒன்றரை ரூபாய் குறைக்கச் சொல்கிறீர்கள். அவர் ஒன்றரை ஷிப்டை ஒரு ஷிப்டாக்குகிறார். சனிக்கிழமை பட்டுவாடாவில் டெய்லர் கையில் வாங்கும் கவரில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் ஊருக்கு ரயில் ஏறிவிட்டால், ஆர்டர் திரும்பும்போது ஆள் திரும்புவார் என்பது நிச்சயமில்லை.

ஜாப் ஒர்க் பில்லை இழுத்தடிப்பதும் உங்களுக்கே செலவு. உதயம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31இல் நின்றால், வருமான வரிச் சட்டம் 43பி(எச்) பிரிவுப்படி அதை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது. லாபமே இல்லாத வருடத்தில் இல்லாத லாபத்துக்கு வரி கட்ட நேரும்.

ஆகவே ஒரே ஒரு கோரிக்கை. தள்ளுபடிக் கடிதத்தோடு இன்னொரு தாளையும் இணைத்துப் பாருங்கள். பீஸுக்கு எத்தனை ரூபாய் விட்டுக்கொடுக்கிறோம், அதில் கம்பெனி லாபத்திலிருந்து எவ்வளவு, ஜாப் ஒர்க்கிலிருந்து எவ்வளவு என்று எழுதினால் போதும். ஜாப் ஒர்க்குக்கு நேரே பூஜ்யத்தைத் தவிர வேறு எண் வந்தால், அந்த ஆர்டரின் விலையை பையரிடம் மறுபடி பேசுங்கள். தீபாவளி அக்டோபர் 20. போனஸ் பட்டியல் தயாராகும் வாரத்திலேயே இந்தத் தாளும் உங்கள் மேஜையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
திருப்பூரில் காஸ்டிங், மெர்ச்சன்டைசிங், ஏற்றுமதி ஆவணப் பிரிவுகளில் வேலை பார்ப்பவர்கள் சிலர்