ஸ்டவ் பின்னும் பைலட் ஜெட்டும்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். வண்டியை விற்றாயிற்றா என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்கிறாய். விற்கவில்லை. போனில் காரணம் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஆள் போன மாதம் வந்தார். இருபது உதையாவது உதைத்திருப்பார். சோக் போட்டால் உறுமியது, சோக்கை எடுத்ததும் பொசுக்கென்று நின்றது. "ஸ்டார்ட் ஆகாத வண்டி, பழைய இரும்பு விலைதாம்மா" என்றார். தென்னாற்காட்டைக் கடலூர், விழுப்புரம் என்று இரண்டு மாவட்டமாகப் பிரித்தார்களே, அந்த 1993-ல் அப்பா லோன் போட்டு வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். நூறு பைக். இரும்பு விலையாம். மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் அடித்த ராத்திரி போர்ட்டிகோவில் தண்ணீர் ஏறியபோது வண்டியைத் திண்ணைமேல் ஏற்றினோம். அதற்கப்புறம் யாரும் தொடவில்லை. அப்பாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆனது, நீயும் சிங்கப்பூர் போய்விட்டாய். நம் பழைய மெக்கானிக் கடையை மூடிவிட்டு மகனோடு திருப்பூரில் இருக்கிறார். வேறொரு கடையில் கேட்டேன். வண்டியைப் பார்க்காமலே "கார்பரேட்டரே புதுசு மாத்தணும்" என்றார்கள். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற சாமான் அது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. திருப்பூருக்கே போன் போட்டேன்.

அவர் சிரித்தார். "சோக்குல ஓடுது, எடுத்தா அணைஞ்சிடுதுன்னா பைலட் ஜெட் அடைச்சிருக்கும்மா. நின்ன வண்டில பெட்ரோல் ஆவியாப் போயி பிசின் மட்டும் தங்கிடும். கழட்டிக் கழுவுங்க" என்றார். யார் கழற்றுவது? அப்பாவால் குத்துக்கால் போட முடியாது. அதுவும் அல்லாமல், அவருக்குத் தெரிந்தது பாகங்களின் பேர் மட்டும்தான். முப்பது வருஷமாக வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தவர். சரி, நானே உட்கார்ந்தேன்.

கொல்லையில் துளசி மாடத்து விளக்கை முதலில் உள்ளே எடுத்து வைத்தேன். அப்பாவின் பழைய வேட்டியை விரித்துக்கொண்டேன். தையல் மிஷின் ஸ்க்ரூ தொலைந்து தொலைந்து வந்த புத்தி இது, வெள்ளைத் துணியில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் கழற்றுமுன் போனில் படம் எடுத்தேன். பெட்ரோல் டேப்பை மூடி, குழாயை உருவி, இரண்டு பக்கத்துக் கிளாம்பையும் தளர்த்தி, கார்பரேட்டரின் மேல்மூடியைத் திருகினால் ஆக்சிலேட்டர் கேபிளோடு, காற்று வழியைத் திறந்து மூடுகிற ஸ்லைடு மேலே வந்துவிடுகிறது. அதில் தொங்கும் ஊசியின் தலையில் ஒரு சின்ன கிளிப். அது எந்தக் காடியில் மாட்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளச் சொன்னார் மெக்கானிக். காடி மாறினால் பெட்ரோல் அளவு மாறிவிடுமாம்.

அடிக்கிண்ணத்தின் நான்கு ஸ்க்ரூவும் இறுகிக் கிடந்தன. கடல் காற்று, கேட்கவா வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, திருப்புளியை வைத்துச் சுத்தியலால் லேசாகத் தட்டி, சாப்பிட்டுவிட்டு வந்து திருகினேன். மூன்று வந்தன. நாலாவதற்கு அப்பா நாற்காலியிலிருந்து குனிந்து கை கொடுத்தார்.

திறந்ததும் அடித்த நாற்றம் இருக்கிறதே, பெட்ரோல் வாடையே இல்லை, வார்னிஷ் வாடை. அடியில் வெல்லப்பாகு முற்றின மாதிரி பழுப்புப் பிசுக்கு, ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், அது ஈரத்தை இழுக்கும் என்று அப்பா சொன்னார். கரும்பிலிருந்தும் எடுக்கிற சாராயம்தானே. சின்ன வயதில் நெல்லிக்குப்பத்தில் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டியின் பின்னால் ஓடி ஓடிக் கரும்பு உருவியவள் நான். அந்தப் பாவம் இத்தனை வருஷம் கழித்து என் கார்பரேட்டரில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

உள்ளே பித்தளையில், நடுவே துளை உள்ள இரண்டு ஜெட். பெரியது மெயின் ஜெட், வேகமாகப் போகும்போது அதன் வழியாகத்தான் பெட்ரோல் வரும். சின்னது பைலட், நின்ற இடத்தில் ஓடுவதற்கு. பைலட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துளியும் வெளிச்சம் வரவில்லை.

"ஸ்டவ் பின் இருக்குமே, எடு" என்றார் அப்பா. நம் பம்ப் ஸ்டவ் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? நிப்பிள் அடைத்தால் பின்னை வைத்துக் குத்துவோம். குத்திக் குத்தி ஓட்டை பெரிதாகி, கடைசியில் நீலமாக எரிந்தது மஞ்சளாக எரிந்து பாத்திரமெல்லாம் கரி. ஜெட்டும் அதே பித்தளை, அதே சமாச்சாரம். பின்னைத் தர மாட்டேன் என்றேன். அரைமணி நேரம் சண்டை. பிறகு திருப்பூரைக் கேட்டால் அவரும் என் கட்சி! இரும்புக் கம்பி உள்ளே போகவே கூடாது என்றார். லாரன்ஸ் ரோட்டில் கார்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் புது கேஸ்கட்டும் வாங்கி வந்து, ரப்பர் சாமான்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் ஸ்ப்ரே அடித்து ஊறவிட்டேன். மறுநாள் பழைய ஒயரிலிருந்து தலைமுடி போன்ற ஒரே ஒரு செப்பு இழையை உருவி மெதுவாக விட்டுப் பார்த்தேன். பிறகு எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு பஞ்சர் கடைக்குப் போய்க் காற்று அடிக்கச் சொன்னேன். பையன் என்னையும் டிபன் பாக்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். பைலட்டை அங்கேயே தூக்கிப் பிடித்தேன். கடுகில் கால்வாசிகூட இராது, ஆனால் வெளிச்சம் வந்தது.

காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஏர் ஸ்க்ரூவைக் கழற்றுமுன் உள்ளே மெதுவாகத் திருகி எத்தனை சுற்று என்று எண்ணியிருந்தேன். ஒன்றரை. திரும்ப மாட்டும்போதும் இறுகும் வரை லேசாகத் திருகி, ஒன்றரை சுற்று வெளியே எடுத்தேன். எல்லாம் பூட்டி டேப்பைத் திறந்தால், கீழ்க்குழாயில் பெட்ரோல் கொட்டுகிறது! மிதவை மேலே எழும்போது பெட்ரோலை நிறுத்துகிற குட்டி ஊசியை மாட்டாமலே மூடிவிட்டிருக்கிறேன். அது வேட்டியின் மடிப்பில் இருந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சிரித்ததை மட்டும் பார்த்தேன். மறுபடி கழற்றினேன், இந்தத் தடவை கால்மணி நேரம்தான் ஆனது.

ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் டப்பென்று திரும்புகிறதா என்று இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். ஸ்லைடு மாட்டிக்கொண்டால் ஆபத்தாம். அப்புறம் புடவையைச் செருகிக்கொண்டு நானே உதைத்தேன். ஏழாவது உதையில் பிடித்தது. கொல்லை முழுக்க நீலப் புகை. எதிர்வீட்டுக்காரம்மா கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்தினார். சோக்கை எடுத்தேன். நிற்கவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பெட்ரோல் விலை குறைவு என்று உன்னை டேங்கின் மேல் உட்காரவைத்து பாண்டிச்சேரி எல்லை முள்ளோடை வரை போய்ப் போட்டுக்கொண்டு வந்த கதையெல்லாம் சொன்னார். அந்தச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

அந்த ஆள் கேள்விப்பட்டு மறுபடியும் வந்தார். விலையை மூன்று மடங்கு ஏற்றினார். அப்பாவைக் கேளுங்கள் என்றேன். அப்பா என்னைக் கேட்கச் சொன்னார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது இரண்டு நாளைக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்கிறேன். நிறுத்தும்போது டேப்பை மூடிவிட்டுத் தானாக அணையும் வரை விடுகிறேன், கிண்ணத்தில் பெட்ரோல் தங்கக்கூடாது என்று.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். ஆர்.சி. புத்தகத்தை எங்கே வைத்தாய்? 2023-ல் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்து வந்தது நீதானே. பீரோ, உன் அலமாரி, பரண்மேல் இருக்கும் சூட்கேஸ் எல்லாம் பார்த்தாயிற்று. அது கிடைத்து இன்சூரன்ஸ் கட்டாமல் வண்டியைத் தெருவில் இறக்க விடமாட்டேன் என்கிறார் அப்பா. ஞாயிறு வரை காத்திருக்காமல் உடனே சொல்.

அன்புடன்,
அம்மா