மலையில ஓடுற காருக்கு 10,000 கிலோமீட்டர் கணக்கு சரிப்படாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த கார் பராமரிப்புக் கட்டுரைய எங்க வீட்ல எல்லாரும் படிச்சோம், நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா இஞ்சின் ஆயில் விஷயத்த மட்டும் 10,000 கிலோமீட்டர் இல்லன்னா ஒரு வருஷம், எது முதல்ல வருதோ அப்ப மாத்துங்கன்னு ஒரே வரில முடிச்சிட்டாங்க. கோயம்புத்தூர், திருப்பூர்ல ஓடுற வண்டிக்கு அது போதும். நீலகிரில ஓடுற வண்டிக்குப் போதாது, அத யாராவது சொல்லணும்னுதான் எழுதுறேன்.

மீட்டர்ல ஏறுறது சக்கரம் ஓடின தூரம், இஞ்சின் எவ்வளவு சுத்துச்சுன்னு அதுல தெரியாது. மேட்டுப்பாளையத்துல இருந்து குஞ்சப்பனை வழியா கோத்தகிரி ஏறும்போது பெரும்பாலும் ரெண்டாவது, மூணாவது கியர்தான். ரெண்டாவது கியர்ல ஒரு கிலோமீட்டர் போறதுக்கு இஞ்சின் சுத்துற சுத்து, அஞ்சாவது கியர்ல போறத விட ரெண்டு மடங்குக்கும் மேல. இறங்கும்போதும் பிரேக்க மட்டும் நம்ப முடியாதுன்னு சின்ன கியர்லயேதான இறங்குறோம், அப்பவும் அதே சுத்துதான். மசினகுடில இருந்து கல்லட்டி 36 வளைவும் ஏறி ஊட்டி வர்ற வண்டிய பத்திக் கேக்கவே வேணாம்.

அதவிட ஆயிலக் கெடுக்கிறது கிட்டக்கிட்ட ஓட்டம். காலைல பிள்ளைங்கள ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே மார்க்கெட் போய் வீட்டுக்கு வந்துடுறோம், இஞ்சின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணியாச்சு. பெட்ரோல் எரியும்போது தண்ணி ஆவியும் உண்டாகும், அதுல கொஞ்சம் பிஸ்டன் ஓரமா கீழ இறங்கி ஆயில்ல சேரும், ஆயில் நல்லா சூடாகி கொஞ்ச நேரம் ஓடினாத்தான் அது வெளிய போகும். ஜனவரி உறைபனில ஆயில் ஊத்துற மூடிய கழட்டி அடிப்பக்கம் பாருங்க, மோராட்டம் வெளுப்பா ஒரு பசை ஒட்டியிருக்கும். மூடில மட்டும் இருந்தா பெரும்பாலும் பயமில்ல, ஒருதடவ மேட்டுப்பாளையம் வரைக்கும் போய்ட்டு வந்தா கொறைஞ்சிடும். ஆயில் அளவு பாக்குற கேஜ் கம்பில வர்ற ஆயிலே வெளுத்திருந்து, இஞ்சினக் குளிர வைக்கிற கூலன்ட்டும் கொறைஞ்சுகிட்டே வந்தா அது ஹெட் கேஸ்கெட் (இஞ்சின் மேல்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகடு) கோளாறா இருக்கலாம், வண்டிய ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்க வரச்சொல்லுங்க.

ஆயில் செக் பண்ண சமமான இடம் வேணும், நம்ம ஊர்ல அதுதான் கஷ்டம். வீட்டு வாசலே சரிவு, அங்க வெச்சுப் பாத்தா இஞ்சின் அடில ஆயில் தேங்குற சம்ப்ல இருக்கிற ஆயில் ஒரு பக்கமா ஒதுங்கி கூடவோ கொறையவோ காட்டும். அதனால பெட்ரோல் பங்க்ல ஓரமா சமமான தரை இருந்தா அங்க நிறுத்தி, இஞ்சின ஆஃப் பண்ணி, பத்து நிமிஷம் விட்டு, கம்பிய உருவி பஞ்சு பிரியாத துணில துடைச்சு, திரும்ப முழுசா உள்ள விட்டு எடுத்துப் பாருங்க. முதல்தடவ உருவினத நம்பாதீங்க, மேல தெறிச்சிருக்கிற ஆயில் ஒட்டி வரும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். நிறைய கார்ல கீழ்க் கோட்டுக்கும் மேல்க் கோட்டுக்கும் ஒரு லிட்டர் வாக்குலதான் வித்தியாசம், அதனால கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பாக்கணும், மேல்க் கோட்டத் தாண்டினா இஞ்சினுக்குள்ள சுத்துற கிராங்க் ஷாஃப்ட் தண்டு ஆயில அடிச்சு நுரையாக்கிடும்.

டீசல் வண்டிக்காரங்க ஆயில் கறுத்துப் போச்சேன்னு கவலப்பட வேணாம், டீசல்ல அது சீக்கிரமே கறுக்கும். ஆனா 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 (புது புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செஞ்ச) டீசல் வண்டில ஆயில் ஊத்தாமயே அளவு மேல ஏறிட்டே இருந்தா கவனிக்கணும். புகைய வடிகட்டுற ஃபில்டர் தன்னத்தானே சுத்தம் பண்றதுக்குள்ள நாம வண்டிய ஆஃப் பண்ணிடுறதால, அந்தச் சுத்தத்துக்காக இஞ்சின் கூடுதலா தெளிக்கிற டீசல் எரியாம ஆயில்ல கலக்குது, ஆயில் நீர்த்துப் போகுது. அத உடனே மாத்தணும்.

பல கார் கையேட்டுல கடினமான ஓட்டம்னு தனியா ஒரு அட்டவணை இருக்கு, மலைப்பாதை, தூசி, குறுந்தூரம் எல்லாம் அதுலதான் வருது, 5,000 கிலோமீட்டர் மாதிரி கம்மியா போட்டிருப்பாங்க. அந்தப் பக்கத்த பிரிச்சுக் காட்டி சர்வீஸ்ல கேளுங்க. கூடவே ஆயில் ஃபில்டரும் பழைய ஆயில வடிக்கிற ட்ரெயின் போல்ட்டோட வாஷரும் புதுசு போடச் சொல்லுங்க, ஆயிலோட கிரேடு, அதாவது கெட்டித்தன்மை வகை, கையேட்டுல உள்ளதேதான்.

பழைய ஆயில் விஷயம் எனக்கு ரொம்ப வருத்தம். சில இடத்துல ரோட்டோரச் சாக்கடைலயே ஊத்துறத கண்ணால பாக்குறேன். கோத்தகிரிப் பக்கத்து ஓடையெல்லாம் பவானிக்கோ மாயாறுக்கோ போய் கடைசில பவானிசாகர் அணைல சேருது, கீழ இருக்கிறவங்க குடிக்கிற தண்ணி அது. 2016 அபாயக் கழிவு விதிப்படி பழைய ஆயில் அனுமதி வாங்கின மறுசுழற்சிக்காரங்களுக்குத்தான் போகணும். பிளாஸ்டிக் தடைன்னு வாட்டர் பாட்டிலுக்கு செக்போஸ்ட்ல வண்டிய நிறுத்துற மாவட்டம் இது, ஊருக்கு ஒரு இடத்துல பழைய ஆயில் சேக்குற டிரம் வெக்க முடியாதா? வீட்லயே ஆயில் மாத்துறவங்க கேன்ல பிடிச்சு அங்க கொண்டு வந்து கொடுத்துடுவாங்க.

மலைல வேல பாக்குற ஒரு மெக்கானிக்கிட்ட கேட்டு இதப்பத்தி அரைப்பக்கம் போடுங்க சார், பனி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்தா இங்க எல்லாருக்கும் உதவும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்,
கோத்தகிரி