செயலாளர் ஆண்டறிக்கை: இந்த வருடம் நாம் ஆற்றுக்குப் போனோம்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொதுக்குழுவில் படிப்பதற்காக எழுதிய அறிக்கை இது. அன்றைக்கு வந்தவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்பதால், வராதவர்களும் படிக்கட்டும் என்று முழுவதையும் இங்கே போடுகிறேன். நீளம் கொஞ்சம் அதிகம்தான், பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

முதலில் வழக்கமான நிகழ்ச்சிகள். பொங்கல் விழா பள்ளி அரங்கில் நல்லபடியாக நடந்தது. சித்திரைத் திருநாளும் நடந்தது. கோடைப் பிக்னிக் மழையால் ஒரு வாரம் தள்ளிப்போனது. தீபாவளி விருந்துக்கு எப்போதும்போல நல்ல கூட்டம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகள் தொடர்ந்து நடக்கின்றன, ஆசிரியர்களுக்கு நன்றி.

இனி கனெக்டிகட் ஆற்றங்கரை நடை. இது செயலாளரின் சொந்த ஆசை, சங்கத்தின் வேலை இல்லை என்று செயற்குழுவில் சிலர் சொன்னார்கள். அதனால் ஏன் ஆரம்பித்தேன், என்ன நடந்தது என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

நாம் வாழும் கனெக்டிகட் மாநிலத்துக்குப் பெயர் கொடுத்ததே இந்த ஆறுதான். நியூ ஹாம்ப்ஷயரின் வடகோடியில், கனடா எல்லைக்குப் பக்கத்தில் பிறந்து, 410 மைல் ஓடி, ஓல்டு சேப்ரூக்குக்கும் ஓல்டு லைமுக்கும் நடுவே கடலில் சேர்கிறது. இவ்வளவு பெரிய ஆற்றின் வாயில் ஒரு பெரிய நகரமோ துறைமுகமோ கிடையாது, முகத்துவாரத்து மணல் திட்டுகள் பெரிய கப்பல்களை உள்ளே விடவில்லை. கடைசி முப்பது மைல் கரை இன்னும் பச்சையாக இருப்பதற்கு அந்த மணல் ஒரு காரணம் என்றால், 1973-இல் வந்த ஒரு சட்டம் இன்னொரு காரணம். அதற்கு முன், 1960களில், இந்தக் கரையை மத்திய அரசின் தேசியப் பொழுதுபோக்குப் பகுதியாக்க வேண்டும் என்று செனட்டர் ஏப்ரகாம் ரிபிகாஃப் முயன்றார். கூட்டம் வந்து ஊர் கெட்டுவிடும் என்று உள்ளூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வேண்டாம் என்று சொன்னதோடு அவர்கள் வீட்டுக்குப் போய்விடவும் இல்லை. செஸ்டர், டீப் ரிவர், ஈஸ்ட் ஹாடம், எசெக்ஸ், ஹாடம், லைம், ஓல்டு லைம், ஓல்டு சேப்ரூக் ஆகிய எட்டு ஊர்களும் சேர்ந்த கனெக்டிகட் ரிவர் கேட்வே கமிஷன் அப்படித்தான், அந்த 1973 சட்டத்தின் மூலம் வந்தது. இந்த எட்டு ஊர்களின் ஆற்றங்கரை எல்லைக்குள் கட்டட விதியை மாற்ற வேண்டுமென்றால் எந்த ஊரும் தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, கமிஷன் ஒப்புதல் வேண்டும். கட்டடம் 35 அடி உயரத்தைத் தாண்டக்கூடாது, கரையோர மரத்தை நினைத்தபடி வெட்டக்கூடாது. விதி மட்டும் போதாத இடத்தில், நிலத்தின் மேலேயே உரிமை வாங்கிக் காப்பாற்றுவதும் கமிஷனின் வேலை. அந்த உரிமைக்குப் பெயர்தான் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்.

இந்தச் சொல்லை விளக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. ஊரில் நிலம் வாங்கியவர்கள் எல்லோருக்கும் வில்லங்கச் சான்று தெரியும். மூத்த உறுப்பினர் ஒருவரிடம் அதை வைத்துச் சொன்னதும் உடனே புரிந்துகொண்டார். நிலத்தின் மேல் நல்ல எண்ணத்தோடு, தானாக விரும்பி ஏற்றி வைக்கும் வில்லங்கம் இது. நிலம் உங்களுடையதுதான். குடியிருக்கலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் மனை போட்டுப் பிரிக்கும் உரிமையையும், ஆற்றைப் பார்த்து இன்னொரு வீடு கட்டும் உரிமையையும் ஒரு கமிஷனுக்கோ, நிலத்தைக் காப்பதற்கென்றே இருக்கும் நில அறக்கட்டளைக்கோ எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். இங்கே சார்பதிவாளர் அலுவலகம் கிடையாது, ஒவ்வொரு ஊரிலும் டவுன் கிளார்க் அலுவலகத்தில்தான் பத்திரம் பதிவாகும். பதிந்தபின் அது நிலத்தோடே போகும். அடுத்து வாங்குபவரையும் கட்டும், அவர் பேரனையும் கட்டும். இப்படிக் கொடுப்பதற்கு வருமான வரியில் கழிவு கேட்க வேண்டுமானால், என்றென்றைக்கும் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், பத்து வருடம் இருபது வருடம் என்றால் செல்லாது.

ஊரில் ஆற்றங்கரை என்றால் ஆற்றுப் புறம்போக்கு, அரசாங்கத்து நிலம். இங்கே அலையேற்றத்தில் தண்ணீர் ஏறும் கோட்டுக்குக் கீழேதான் மாநிலத்துக்குச் சொந்தம். கோட்டுக்கு மேலே கரை வீட்டுக்காரருடையது. அதனால்தான் ஒவ்வொருவராகப் போய்ப் பேசி, ஒவ்வொரு பத்திரமாக எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.

"பேசாமல் அரசாங்கமே எல்லாவற்றையும் வாங்கிவிட்டால் என்ன?" என்று பிக்னிக்கில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு ஹாடம் கதையைச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். ஹாடத்தில் ஆற்றைப் பார்த்தபடி மேட்டில் இருக்கும் 17 ஏக்கரை, இயற்கையாகவே இருக்கட்டும் என்று மாநிலம் 2003-இல் 13 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. எட்டே வருடம். 2011-இல் சட்டமன்றமே அதைத் தனியாருக்குக் கொடுத்து, ஆற்றைவிட்டுத் தள்ளியிருக்கும் 87 ஏக்கர் காட்டை மாற்றாக வாங்கிக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டது. ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் விடவில்லை, பெரிய சண்டை நடந்தது. கடைசியில் இரண்டு நிலத்தின் மதிப்பும் ஒத்துவராமல் 2012 தொடக்கத்தில் பேரம் முறிந்தது. அப்புறம் 2018-இல் மக்கள் ஓட்டுப் போட்டு மாநில அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். இப்போது இப்படிப்பட்ட பொது நிலத்தைக் கைமாற்ற வேண்டுமானால் பொது விசாரணை நடத்த வேண்டும், சுற்றுச்சூழல் துறையின் நிலம் என்றால் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் வேண்டும். அரசாங்கம் வாங்கிவிட்டது, இனிக் கவலையில்லை என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த 17 ஏக்கர்தான் ஞாபகம் வருகிறது.

சரி, நாம் என்ன செய்தோம்? ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஆறு நடைகள். முதல் நடைக்குச் செஸ்டரிலிருந்து ஹாட்லைமுக்குப் படகில் கடந்தோம். அந்தப் படகுச் சேவை 1769-இல் தொடங்கியது, இன்றைக்கும் சில கார்களை மட்டும் ஏற்றிக்கொண்டு சில நிமிடத்தில் அக்கரை சேர்க்கிறது. மேலே குன்றில் ஜில்லெட் கோட்டை. ஷெர்லாக் ஹோம்ஸ் வேடத்தில் நடித்துப் புகழ்பெற்ற வில்லியம் ஜில்லெட் கட்டியது. தன் இடம், அதன் அருமை தெரியாத ஒரு மடையன் கையில் போய்ச் சேர்ந்துவிடக்கூடாது என்று உயிலிலேயே எழுதி வைத்தவர். 1943-இல் மாநிலம் அதை வாங்கியது. படகில் ஒரு சிறுமி இரண்டு கரையையும் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "இங்கே யாருமே வீடு கட்டலையா?" என்று கேட்டாள். கட்டியிருக்கிறார்கள், மரத்துக்குப் பின்னால், மரத்தைவிட உயரமில்லாமல். ஐம்பது வருடமாக ஒரு கமிஷன் கூடிக்கூடிப் பேசியதன் பலன் ஒரு குழந்தையின் கண்ணுக்குத் தெரிந்தது. இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

செப்டம்பர் ஆரம்பத்தில் லைமில் வேல்போன் கோவ் என்ற உப்பங்கழிக்கு இரட்டைத் துடுப்புப் படகுகளில் போனோம். உப்பங்கழி என்று பழக்கத்தில் சொல்கிறேன், அங்கே தண்ணீர் உப்பு இல்லை. கடலின் ஏற்றவற்றம் இந்த ஆற்றில் ஹார்ட்போர்டையும் தாண்டி எட்டும், ஆனால் அந்த இடத்தில் நல்ல தண்ணீர்தான் ஏறி இறங்குகிறது. அதில் ஆள் உயரத்துக்கும் மேலே காட்டரிசி விளைந்து நிற்கிறது. தஞ்சைப் பக்கத்து அண்ணன் ஒருவர் படகை நிறுத்திவிட்டு ஒரு கதிரை இரண்டு விரலால் உருவிப் பார்த்தார். நீளமாக, கறுப்பாக, தொட்டாலே உதிரும் மணி. "நம்ம நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம்" என்றார். அது உண்மைதான், இரண்டும் புல் குடும்பத்தில் ஒரே கிளை. கொஞ்ச தூரத்தில் துடுப்பில் ஒரு கொடிப்பாசி சுற்றிக்கொண்டு வந்தது, ஹைட்ரில்லா. 2016-இல் இந்த ஆற்றில் முதலில் கண்டுபிடித்தார்கள், இப்போது பல கழிகளை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு துண்டு போதும், இன்னொரு குளத்தில் வேர் பிடித்துவிடும். கரைக்கு வந்ததும் எல்லாப் படகையும் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

எனக்கு முக்கியமானது அக்டோபர் நடை. ஆற்றோரத்து ஊர் ஒன்றின் நில அறக்கட்டளையில் நம் ஒன்பது பேரைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஈஸ்மென்ட் எழுதி வாங்கிய நிலத்தை வருடத்துக்கு ஒருமுறை யாராவது நடந்து பார்த்தே ஆக வேண்டும். எழுதி வாங்கிய நாளில் எடுத்த படங்களோடு ஒப்பிட வேண்டும், குறித்த இடங்களில் நின்று புதுப்படம் எடுக்க வேண்டும், தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். எல்லை ஒரு பழைய கல்சுவர். அதன் மூலையில் ஒரு ஓக் மரம், அதில் ஆணியடித்த சின்ன அலுமினியத் தகடு. மரம் வளர்ந்து பட்டை தகட்டின் ஓரத்தைப் பாதி விழுங்கியிருந்தது, எழுத்தைப் படிக்க விரலால் தடவ வேண்டியிருந்தது. அங்கிருந்து தண்ணீரை நோக்கி இறங்கினால் புதிதாக வெட்டிய மூன்று அடிமரங்கள். மரத்தூள் ஈரம்கூடக் காயவில்லை. அவற்றுக்கு நேர் மேலே ஒரு வீட்டின் பெரிய கண்ணாடி ஜன்னல், ஜன்னலிலிருந்து ஆறு தெளிவாகத் தெரியும்படி.

வீட்டுக்காரர் இரண்டு வருடம் முன்புதான் வாங்கியவர். கெட்ட மனிதர் இல்லை. ஆற்றங்கரையில் மரம் வெட்டக்கூடாது என்று பத்திரத்தில் இருப்பது தெரியாது என்றார். அது பத்திரத்தில் தெளிவாகவே இருக்கிறது, அவர் படிக்கவில்லை. எங்களோடு வந்த அறக்கட்டளைப் பெரியவர் குரலை உயர்த்தாமல் பேசினார், படம் எடுத்தார், அளந்து எழுதிக்கொண்டார். அதே இடத்தில் மரம் நட்டுக் கொடுப்பதாக வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அந்த வருடம் யாரும் நடக்காமல் விட்டிருந்தால் அடுத்த வருடம் மூன்று முப்பதாகியிருக்கும், அப்புறம் பழைய படத்தைக் காட்டி வழக்குப் போட்டாலும் மரம் திரும்ப வராது. பத்திரம் எழுதியதோடு நிலம் காப்பாற்றப்பட்டுவிடுகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அந்த அடிமரத்தில் கை வைத்தபோது நினைப்பு மாறியது.

இங்கே மனத்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். தீபாவளி விருந்துக்கு அரங்கு நிரம்பியது. அக்டோபர் நடைக்கு ஒன்பது பேர். பெயர் கொடுத்தவர்கள் இருபத்தாறு. வராத பதினேழு பேரில் முந்தின நாள் சொன்னவர்கள் நான்கு பேர் மட்டும். மற்றவர்களுக்காக வாகன நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம், அறக்கட்டளைப் பெரியவரும் எங்களோடு நின்றார். அவருக்கு எழுபதுக்கு மேல் வயது. எனக்கு அது வெட்கமாக இருந்தது. "அந்த நிலத்துக்குள் நம்மை விடக்கூட மாட்டார்கள், நமக்கு அதில் என்ன?" என்று ஒருவர் கேட்டார். பல ஈஸ்மென்ட் நிலங்களில் பொதுமக்கள் நுழையும் உரிமை இல்லை என்பது உண்மை. ஆனால் ஜனவரியில் வெண்தலைக் கழுகு பார்க்க எசெக்ஸுக்குக் குடும்பத்தோடு போகிறோமே, அது உட்காரும் மரம் யாருடைய நிலத்தில் நிற்கிறது? இந்த ஆற்றின் கீழ்ப்பகுதியை 1994-இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவித்தார்கள், நம் வேடந்தாங்கலுக்கும் கோடியக்கரைக்கும் கிடைத்த அதே மதிப்பு.

கணக்கு. விவரம் பொருளாளரிடம் உள்ளது, கேட்பவர்களுக்குக் காட்டுவார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம், கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு. அரங்க வாடகையும் காப்பீடும்தான் பெரிய செலவு. பாதிக் குடும்பங்களுக்கு மேல் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை, சிலர் இரண்டு ஆண்டாகக் கட்டவில்லை. மூன்று முறை நினைவூட்டல் அனுப்பினேன். படகு வாடகைக்குச் செயற்குழு ஒதுக்கிய தொகை போதவில்லை, மீதியை நான்தான் கொடுத்தேன். அதைத் திருப்பிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்த ஆண்டும் அப்படியே நடக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

தலைவருக்கும், பொருளாளருக்கும், விருந்துக்குச் சமைத்த அனைவருக்கும், ஒலிபெருக்கி தந்த நண்பருக்கும் நன்றி. அந்த ஒன்பது பேருக்கு என் தனி நன்றி.

அடுத்த ஆண்டு அந்த அறக்கட்டளை நமக்கு நான்கு நிலங்களைப் பொறுப்பாகத் தரத் தயார் என்று கடிதம் எழுதியிருக்கிறது. ஒரு நிலத்துக்கு மூன்று பேராவது வேண்டும், பன்னிரண்டு பேர். ஒன்பது பேர் இருக்கிறோம். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று பேர் கிடைக்காவிட்டால் ஒரு நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுத வேண்டியிருக்கும், அந்தக் கடிதத்தை எழுதும் செயலாளராக இருக்க எனக்கு விருப்பமில்லை. பயிற்சி ஒரே ஒரு காலை நேரம். ஏப்ரல் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்குச் செஸ்டர் படகுத்துறை. கரை ஈரமாக இருக்கும், பழைய பூட்ஸ் போட்டுக்கொண்டு வாருங்கள். பொருளாளரும் அன்றைக்கு வருகிறார், சந்தாவை அவரிடம் அங்கேயே கொடுத்துவிடலாம்.